பத்தடிச் சுவர்

மளிகை டெலிவரி கம்பெனியில் பாதியை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்ற மறுமாதமே, மீதி வாழ்நாளை மக்களுக்கு அர்ப்பணிப்பதென்று கிஷோர் முடிவு செய்தார். பாரிவாக்கத்திலிருந்து தொடங்கினார். அவருடைய அலுவலக வளாகம் அங்கேதான் இருந்தது, போய்வர வசதி.

வளாகத்துக்குப் பின்னால் இருந்த அறுபது வீடுகளிலும் மழைக்குத் தண்ணீர் புகுந்தது. வளாகம் வருவதற்கு முன் புகுந்ததில்லை. அதன் மதில், மழைநீர்க் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்றது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. இட்லிக் கடை அஞ்சலைக்கே தெரிந்திருந்தது.

கிஷோர் வெள்ள எச்சரிக்கைச் செயலி ஒன்றை ஊருக்கு வழங்கினார். விழாவில் அஞ்சலை மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"சார், தண்ணி வர்றது எங்களுக்கே தெரியுது. காலு நனையுதுல்ல? அந்தச் செவுத்துல பத்தடி இட்ச்சி உட்டீங்கனா போதும்."

"நல்ல யோசனைம்மா. ஆனா நாங்க பிரச்சினையோட வேருக்கே போகணும்னு நினைக்கிறோம்" என்றார் கிஷோர்.

வேரைத் தேடி பெங்களூரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அஞ்சலையின் சட்னியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. காலை பத்து மணிக்குத் தண்ணீர் அஞ்சலையின் அடுப்பை அணைத்தது. பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும்படி செயலி இனிமையான குரலில் சொன்னது. அஞ்சலை இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோட்டுக்கு நடந்து, ஜேசிபி ஓட்டும் தம்பி டில்லிபாபுவை அழைத்து வந்தாள்.

"கேஸ் போடுவாங்கக்கா."

"போடட்டும். நான்தான் சொன்னேன்னு சொல்லு. இடிடா!"

நாலாவது இடியில் மதில் சரிந்தது. மதியத்துக்குள் தெரு தெரிந்தது. வீரமெல்லாம் வடிந்துபோய், ஜெயிலுக்குப் போனால் கடையை யார் பார்ப்பார்கள் என்று அஞ்சலை சேற்றில் உட்கார்ந்து அழுதாள்.

போலீஸ் வரவில்லை. போட்டோகிராபர் வந்தார். இரண்டு நாளில், 'மக்களுக்காகத் தன் மதிலையே இடித்த தொழிலதிபர்' என்று பேப்பரில் அரைப்பக்கம். அடுத்த வாரம் கிஷோருக்கு மும்பையில் விருது.

டில்லிபாபு கொதித்தான். "இன்னாக்கா இது! இட்ச்சது நாம, பேரு அவருக்கா?"

"வாங்கிக்கினு போட்டும் உடுடா. அவரே இட்ச்சாருன்னு ஊரே பட்ச்சிட்ச்சு. இனிமே எப்டிக் கட்டுவாரு?"

தை மாதம் செங்கல் லாரி வரத்தான் செய்தது. அஞ்சலை கரண்டியோடு போய், லேமினேட் செய்த அரைப்பக்கத்தை மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் அதைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார். பதில் வந்ததும், லாரியைத் திருப்பச் சொன்னார்.