பட்டாணிக்கு வந்த பெட்டி வீடு

பட்டாணி யாருடைய நாயும் இல்லை. வரிசையாக வாடகை அறைகள் இருந்த அந்த லைன் வீட்டில் ஒருத்தர் சோறு வைப்பார், இன்னொருத்தர் விளக்குமாற்றை ஓங்குவார். ஆனால் சாயங்காலம் பனியன் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் வந்து நிற்கும்போது அது ஒச்சம்மாளுக்காக மட்டும் போய் நிற்கும். புருஷன் போன பிறகு உசிலம்பட்டிப் பக்கமிருந்து தனியாகப் பிழைக்க வந்தவள் அவள். திருப்பூரில் அவள் வரவை எதிர்பார்த்து நின்ற ஒரே ஜீவன் அதுதான்.

இதை அவள் வெளியே சொன்னதில்லை. நாய், கோழி எதுவும் வளர்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர் ஆறுச்சாமி குடிவைக்கும்போதே கறாராகச் சொல்லியிருந்தார். தெருநாய் வாசலில் வந்து படுத்தால் அவர் கண்டுகொள்ள மாட்டார். அங்கே நாயாக இருப்பது குற்றமில்லை, யாருடைய நாயாகவாவது இருப்பதுதான் குற்றம்.

இப்படி இருக்கையில் கம்பெனிக்குத் தரும சிந்தனை பிறந்தது. துணி வாங்குகிற வெளிநாட்டு அம்மாளுக்கு நாய் என்றால் உயிராம். தொழிலாளர்கள் குடியிருக்கும் ஏழைத் தெருக்களில் நாய்களுக்குப் பெட்டி வீடு தானம் கொடுக்க முடிவாயிற்று. மனிதர்கள் தகரத்துக்கடியில் வேகிற இடத்தில் நாய்க்கு மர வீடு, சாய்வான கூரை, நீலப் பெயிண்ட். கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கும் மைதிலி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளோடும் கேமராக்காரரோடும் வேனில் வந்து இறங்கினாள்.

அங்கேதான் ஒச்சம்மாள் வசமாக மாட்டிக்கொண்டாள். கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனியில் முன்கூட்டியே பாடம் எடுப்பார்கள். குடிதண்ணீர் வருகிறதா, வருகிறது மேடம். ஓவர்டைம் உங்கள் இஷ்டமா, இஷ்டம்தான் மேடம். எதைக் கேட்டாலும் ஆமாம் போட்டுப் போட்டு அது அவள் நாக்கில் ஊறிப்போயிருந்தது. அந்த அம்மாள் பட்டாணியைத் தடவிக்கொண்டே ஏதோ கேட்டாள். இது உங்கள் நாயா என்று கேட்கிறார்கள் என்றாள் மைதிலி.

"ஆமா மேடம்."

சொன்ன பிறகுதான் பின்னால் ஆறுச்சாமி நிற்பதைப் பார்த்தாள்.

பெட்டியை அவள் வாசலில் இறக்கிவைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வேன் போனதும் அவர் சத்தம் போடாமல்தான் சொன்னார். "நாய் உங்குளுதுன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. இனி வேற ஊடு பாத்துக்குங்க."

மறுநாள் ஒச்சம்மாள் மைதிலியிடம் போய்ப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். மைதிலி கெட்டவள் இல்லை, ஆனால் அவள் கையும் கட்டப்பட்டுத்தான் இருந்தது. போட்டோ வெளிநாடு போய்ச் சேர்ந்தாகிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் அந்த அம்மாள் மறுபடியும் வருகிறாள். பெட்டியும் நாயும் ஒச்சம்மாளிடம் இல்லையென்றால் இரண்டு பேர் வேலைக்கும் ஆபத்து என்றாள்.

ஒச்சம்மாள் வேறு வீடு தேடி அலைந்தாள். பெட்டியோடு நாய் என்றதும் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஆறுச்சாமியே மனமிரங்கி ஒரு வழி சொன்னார். நாய் பெட்டியை விட்டு நகராமல் கட்டிக் கிடந்தால் அவளும் இருக்கலாம்.

கம்பெனியில் வெட்டிக் கழித்த கட்டிங் வேஸ்ட் துணியை முறுக்கிக் கயிறாக்கினாள். கழுத்தில் போடும்போது பட்டாணி விளையாட்டு என்று நினைத்து அவள் கையை நக்கியது. அந்தப் பாவத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முதல் சில நாள் பஸ் வரும் நேரத்துக்கு ஊளையிட்டது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒச்சம்மாள் பழக்க தோஷத்தில் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு தனியாக நடந்து வருவாள்.

சொன்னபடியே அந்த அம்மாள் வந்தாள். பெட்டிக்குள் நாய் இருப்பதைக் கண்டு பூரித்துப்போனாள். போட்டோவில் கயிறு விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் கேமராக்காரர். ஒச்சம்மாள் முந்தானையால் கயிற்றை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாய் சந்தோஷமா இருக்குதான்னு கேக்கறாங்க," என்றாள் மைதிலி, தரையைப் பார்த்தபடி.

வாசலில் ஆறுச்சாமி நின்றுகொண்டிருந்தார்.

"சந்தோஷமா இருக்கு மேடம்."

அவள் குரலைக் கேட்டதும் பட்டாணி வாலை ஆட்டியது. கேமராக்காரர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.