மடிப்பு விழுங்கிய மூக்கு

ஊடகப் பாடம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் இசைப் பத்திரிகை ஒன்றை வடிவமைக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரக் கல்லூரி ஒன்றில் விதி. அந்த வருடமும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னாலுள்ள செங்கல் சுவரில் சாய்ந்து படமெடுத்துக்கொண்டு இருபத்துச் சொச்சம் கற்பனைப் பாட்டுக் குழுக்கள் பிறந்தன. ஒருவருக்கும் பாட வராது. முறைக்க மட்டும் நன்றாக வரும்.

மாணவி பெத்தனியின் பத்திரிகைக்குப் பாடகி அவள் தோழி லியான். இரட்டைப் பக்கத்தின் நட்டநடுவில் அவள் முகம், இடப்பக்கம் பேட்டி, வலப்பக்கம் கொட்டை எழுத்தில் ஒரு வரி. கணினியில் அம்சமாகத்தான் இருந்தது. திரைக்கு மடிப்பு கிடையாதே. அச்சாகி வந்தபோது இரண்டு பக்கமும் சேரும் மடிப்பு லியானின் மூக்கை விழுங்கியிருந்தது. பக்கத்துக்கு ஒரு கண், ஒன்றுக்கொன்று உறவில்லாதது போல. லியானே பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சிக்கல் அதன்பிறகுதான். செய்தவரே தன் பக்கத்தை மதிப்பிட்டு, எல்லோரும் படிக்கும்படி வலைப்பூவில் போட வேண்டும். மடிப்பை யோசிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று எழுதினாள் பெத்தனி. வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகப்போகிற முதல் ஆள் அவள். போக இந்தப் பாடத்தில் 'பி' கிரேடு வேண்டும்.

பாடம் நடத்தும் ஹோல்ராய்ட் சார் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். தப்பு என்று ஒப்புக்கொண்டால் மூன்று மதிப்பெண் போய்விடுமாம். வேண்டுமென்றே வடிவமைப்பு மரபை மீறியதாக எழுதினால் மூன்றும் வந்துவிடுமாம். கறுப்புப் பக்கத்தில் கருநீல எழுத்தைப் போட்டு ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் செய்த சகமாணவன் டோபியாஸ் அப்படித்தான் முழு மதிப்பெண் வாங்கினானாம். அவன் அப்பா வக்கீல், சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பெத்தனியின் அம்மாவுக்கு பிஸ்கட் ஆலையில் உடைந்ததைப் பொறுக்கித் தள்ளும் வேலை. அங்கே உடைந்த பிஸ்கட்டை மரபை மீறிய பிஸ்கட் என்று யாரும் பெட்டியில் அடுக்குவதில்லை.

பெத்தனி மாற்றி எழுதினாள். பாடகியின் உடைந்த மனத்தைக் காட்டவே முகம் வேண்டுமென்று பிளக்கப்பட்டிருக்கிறது என்று. சாருக்குப் பரம திருப்தி.

மறுநாள் உணவுக்கூடத்தில் லியான் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வேணும்னே செஞ்சியாடி?"

"இல்லடி. மார்க்குக்காக எழுதுனது."

"தெரியாம நடந்துச்சுன்னுதானே சிரிச்சேன். இப்ப நீ திட்டம் போட்டு என் மூஞ்சியப் பொளந்தேன்னு காலேஜே படிக்குது. உடைஞ்ச மனசாம். அப்பா விட்டுட்டுப் போனதுலேர்ந்து எல்லாரும் என்னைய அப்படித்தான் பாக்குறாங்க. நீயுமா?"

பெத்தனி அங்கேயே கைபேசியில் வலைப்பூவைத் திறந்து அந்த வரியை அழித்தாள். மடிப்பு எங்கே விழும் என்று பார்க்காமல் தோழியின் முகத்தைக் கெடுத்தேன், இதில் மீறலும் இல்லை மண்ணும் இல்லை, வெறும் கவனக்குறைவு என்று போட்டாள். சொல்லிக்கொடுத்தவரும் கவனிக்கவில்லை என்று கோபத்தில் ஒரு வரி சேர்த்தாள். அது தேவையில்லைதான். எடுக்கவும் இல்லை.

லியான் கைபேசியை வாங்கிப் படித்தாள்.

"இதுக்கு எவ்ளோ போகும்?"

"மூணு மார்க். 'பி' வர்றது சந்தேகந்தான்."

"என் மூக்குக்கு மூணே மூணு மார்க்கா?"

"சார் போட்ட வெலடி அது," என்றாள் பெத்தனி.