வெளுத்த குட்டி

செத்த பன்றிக்குட்டியின் தொடையை டாக்டரம்மா கீறியதும் முதலில் வந்தது நாற்றம். சீழ் அதன் பின்னால், அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி, நிதானமாக இறங்கி வந்தது. ஊசி போட்ட இடத்துச் சதை துருப்பிடித்த தகரம் போலப் பழுப்பேறிக் கிடந்தது. பண்ணைக்காரி புறங்கையால் மூக்கைப் பொத்தினாள். பொத்திய கையிலும் அதே பழுப்புக் கறை. எத்தனை சோப்புப் போட்டும் போகாத கறை.

"இது இரும்பு ஊசிதானே?"

"ஆமா டாக்டரம்மா. பொறந்ததும் ஒண்ணு போட்டோம்."

"அது சரிதான். சிமெண்டுத் தரையில பொறந்த குட்டிக்கு மண்ணு ஏது, இரும்பு ஏது? ஒண்ணு போட்டே ஆகணும். அப்புறம்?"

அப்புறம் நடந்ததைச் சொன்னாள். காய்ச்சல் கண்டு, கால் மூட்டெல்லாம் வீங்கி, குட்டிகள் காதுமடல் வரை வெளுத்துப்போயிருந்தன. கால்நடை மருந்து விற்கும் தன் தம்பியிடம் சொன்னாள். சந்தையே அவனை 'டானிக்' என்றுதான் கூப்பிடும். காய்ச்சலில் படுத்தவனிடம் கம்பளியையும் விசிறியையும் சேர்த்தே விற்றுவிட்டு வருகிற வாய். போன ஈற்றுக் குட்டிகள் அவன் கொடுத்த இரும்பு ஊசியில் ரோஜா நிறத்துக்கு வந்ததிலிருந்து புருஷனுக்கும் அவன் சொல்தான் சட்டம். "வெளுத்திருக்குன்னா ரத்தம் இல்லேன்னு அர்த்தம்க்கா. ரெட்டை டோஸ் போடு, செக்கச்செவேல்னு எந்திரிக்கும்" என்றான். ஒவ்வொன்றாகப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, அவை வீறிட வீறிட, அவளேதான் குத்தினாள். வரிசையாகச் செத்தன.

தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா கையுறையை உரித்து வாளியில் போட்டார்.

"தெருவுக்குள்ள திருடன் வந்துட்டான்னா கடைக்காரன் ஷட்டரை இறக்குவானா மாட்டானா? உடம்பும் அதைத்தான் பண்ணுது. இரும்பு இல்லாம கிருமி பெருக முடியாது. அதனால காய்ச்சல் வந்ததும் இரும்பையெல்லாம் ஈரல்ல கொண்டுபோய்ப் பதுக்கிடும். குட்டி அதுலயும்தான் வெளுத்துச்சு. நீங்க என்னடான்னா சரக்கைக் கொண்டுபோய் நடுத்தெருவுல கொட்டிட்டீங்க."

"மிஞ்சினது ஒண்ணுதான் டாக்டரம்மா. பொட்டைக்குட்டி. தாய்க்கு இதுதான் கடைசி ஈத்து."

"கிருமிக்கு ஊசி போட்டிருக்கேன். பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். காய்ச்சல் விடுற வரைக்கும் இரும்பு ஒரு சொட்டுகூடக் கூடாது."

டாக்டரம்மாவின் வண்டிப் புழுதி அடங்குவதற்குள் டானிக் வந்துவிட்டான், கையில் புதுப்புட்டியோடு. கூடவே அவள் புருஷன். தம்பி கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. பாலிஷ் போட்ட ஷூ. மூக்கில் கைக்குட்டை. அதிலிருந்து வந்த சென்ட் வாசம் சீழ் நாற்றத்தோடு கலந்தது. சீழாவது தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"டாக்டர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்றாங்கக்கா. நான் குட்டியைப் பார்த்துச் சொல்றேன்."

"எங்கடா பார்த்தே? வாசல்லயே நிக்கிறே. உள்ள வா. வந்து மோந்து பாரு."

"ஷூ..."

"ஆமா, ஷூவுக்குக் காய்ச்சல் வந்துடும்."

புருஷன் சிரிக்கவில்லை. "அவனை ஏன்டி கடிக்கிறே? குட்டியைப் பாரு, சுண்ணாம்படிச்ச சுவரு மாதிரி இருக்கு. பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?" புட்டியைத் தலைகீழாகப் பிடித்து ஊசிக்குழலை நிரப்பினான். "நீ பிடி, நான் போடறேன்."

எடுத்துச் சொன்னால் கேட்கப்போவதில்லை. தம்பிக்கு இருக்கிற வாய் டாக்டருக்கே இல்லை, அவளுக்கு எங்கே?

"கொடுங்க. நானே போடறேன்."

வாங்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள். கழிச்சல் பாதத்தில் வழுக்கியது. அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, குட்டியை மடியில் போட்டாள். அது வீறிடக்கூட இல்லை. ஊசி முனையைச் சாக்கடைப் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தினாள். மருந்து பழுப்பு நூலாக இறங்கிக் கழிச்சலின் மேல் ஓடியது. மொய்த்திருந்த ஈக்கள் ஒரு கணம் கிளம்பின. பிறகு அந்தக் கோட்டின் மேலேயே வந்து, பந்தியில் இடம் பிடிப்பதுபோல, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன.

"போட்டாச்சாக்கா?"

திரும்பாமலே காலிக் குழலைத் தூக்கிக் காட்டினாள். தடுப்பின் இடுக்கில் விழுந்த வெயிலில் குட்டியின் காது மெழுகுத்தாள் மாதிரி வெளுத்துத் தெரிந்தது. கறை படிந்த கைக்குள் அது கொதித்துக்கொண்டிருந்தது.