ஏழு கிலோ தூக்கம்

திரும்பி வந்த போர்வைகளைப் பிரிக்கும் மேசைக்குப் போகச் சொன்னால், அந்தத் தையற்கூடத்தில் எல்லோருக்கும் அன்றைக்கென்று தலைவலி வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வீட்டுக்காரருக்கு வயிறு சரியிருக்காது.

அங்கே தைப்பது கனப்போர்வை. சாம்பல் நிறத் துணியில் கட்டம் கட்டமாகப் பைகள் தைத்து, சர்க்கரை போலப் பொடியான கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றிலும் கரண்டியால் அளந்து போட்டு மூடுவார்கள். மொத்தம் ஏழு கிலோ. அதற்கு மேலே மெத்தென்று ஓர் உறை, ஓரத்தில் ஜிப். போர்த்திக்கொண்டு படுத்தால் யாரோ அணைத்துக்கொண்ட மாதிரி இருக்கும், மனசு அடங்கும், தூக்கம் தானாக வரும் என்பது விளம்பரம். தைக்கிறவர்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். மேலே ஏறி உட்கார்ந்தால் நம்மை அசையவிடாது என்பதால். "இன்னைக்கு எத்தனை மாமியாரை முடிச்சோம்?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் சாயங்காலம் கிளம்புவார்கள்.

மணி போடுகிறவளுக்குக் கரண்டி என்று பெயர். கடைசி வரிசையைத் தைத்து மூடுகிறவளுக்குப் பூட்டு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

முப்பது நாள் படுத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஜனங்கள் இருபத்தொன்பதாம் நாள் திருப்பி அனுப்பினார்கள். பார்சலைக் கிழித்ததும் முதலில் வாடைதான் வெளியே வரும், முன்பின் தெரியாத ஆள் ஒருவர் குளிக்காமல் வந்து பக்கத்தில் நின்ற மாதிரி. உறையைக் கழற்றி எறிந்தாலும் உள்துணி விடாது. புளித்த வேர்வை. எச்சில் காய்ந்து அட்டை மாதிரி விறைத்த ஓரம். மடிப்புகளில் நாய் முடி, கால்விரல் நகம், மென்று உருட்டிய சூயிங்கம். ஒருமுறை ரத்தம் காய்ந்த பிளாஸ்திரி ஒன்று கரண்டியின் கையில் ஒட்டிக்கொண்டு உதறியும் விழவில்லை. அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கடைசி வரிசையைப் பிரித்து, கொட்டிப்போன மணியை நிரப்பி, மறுபடி மூடி, லாவண்டர் தண்ணீர் அடித்துப் புது உறைக்குள் தள்ளினால் புதுப் போர்வை ஆகிவிடும். ஆரம்பத்தில் துவைக்கக் கொடுத்தார்கள். நனைந்த கனம் தாங்காமல் சலவைக்கடை இயந்திரம் உடைந்து, கடைக்காரர் சண்டைக்கு வந்ததோடு அதுவும் நின்றது. "காத்தாட வெச்சா போதும்" என்றார் முதலாளி. அந்த மேசைப் பக்கம் வந்தால் அவர் கை பாக்கெட்டை விட்டு வெளியே வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. புதுசை வெள்ளை நூலால் மூடவேண்டும், பழசை மஞ்சள் நூலால். உறைக்குள் இருப்பதால் வாங்குகிறவருக்குத் தெரியாது. முதலாளியின் சொந்தக்காரர்கள் யாருக்காவது மஞ்சள் போய்விடக் கூடாதே என்பதற்காகத்தான் இந்த அடையாளம்.

பூட்டு அந்த அடையாளத்தை நம்பித்தான் தன் அக்காவுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எட்டு மாதத்துக்கு முன் அக்காவின் வீட்டுக்காரர், மாமா, இறந்துபோனார். அவரோடு அக்காவின் தூக்கமும் போயிற்று. மாத்திரை போட்டால் காலையில் தலை கிறுகிறுத்தது, போடாவிட்டால் பொட்டுக்கூடக் கண் மூடவில்லை. ஒரு நாள் சிக்னலில் வண்டி நிற்கும்போதே கண்ணயர்ந்துவிட்டாள். பின்னால் இருந்த பிள்ளைகள் முதுகைத் தட்டி எழுப்பியிருக்கின்றன. அதில் ஒன்று வீட்டில் போய்ச் சொல்ல, வேன் ஓனர் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி என்றால் சாவியை வாங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அதைவிட வேறொரு பயம். "சாவியை வாங்கினா வாங்கட்டும்டி. பதினாறு புள்ளைங்க பின்னாடி உக்காந்திருக்கு."

தைத்து முடிந்த போர்வைகளின் அடுக்கிலிருந்து பூட்டு ஒன்றை இழுத்தாள். ஜிப்பைச் சாண் அளவு திறந்து பார்த்தாள். வெள்ளை நூல். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்காவின் முகம் வேறாக இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வெளுத்திருந்தது. தலை வாரியிருந்தாள்.

"அலாரம் அடிச்சு எழுந்தேன்டி. எத்தனை மாசமாச்சு, அலாரத்துக்கு முன்னாடியே முழிச்சுக் கிடந்தவ நான். அந்தக் கழுதை அடிச்சப்போ ஏதோ தீப்பிடிச்ச மாதிரி பதறிட்டேன்."

"மாமியார் நல்லாப் பாத்துக்கறாளா?"

"இந்த மாமியார் வாயைத் திறக்கல. அதனால பொருந்திப்போச்சு."

பூட்டு சிரித்துக்கொண்டே படுக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மூக்கில் ஏறியது. லாவண்டர் என்றைக்கோ பறந்துவிட்டிருந்தது. அதன் அடியில் ஓர் ஆம்பிளை வேர்வை, நாட்பட்டது, சிகரெட்டில் ஊறியது, அதன் மேல் ஏதோ வலித்தைலம். அக்கா டீ போடப் போனதும் ஜிப்பை முழுவதும் இழுத்துப் பார்த்தாள். நூல் வெள்ளைதான். ஆனால் தையலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை வெறும் ஊசித்துளைகள் இருந்தன. ஒரு தடவை மூடி, பிரித்து, மறுபடி மூடிய துணியில்தான் அப்படி இருக்கும். ஒரு துளையில் சுருண்ட முடி ஒன்று சிக்கியிருந்தது. தலைமுடி அல்ல.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு மத்தியானம் மஞ்சள் நூல் தீர்ந்துவிட்டது. லாரி வாசலில் நின்றது. "வெள்ளையிலேயே அடிச்சு விடும்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்றார் சூப்பர்வைசர். பதினெட்டுப் போர்வைகளை வெள்ளை நூலால் மூடியது இவளுடைய இதே கைதான். லாரியில் இடமில்லாமல் அதில் சில அடுக்கிலேயே தங்கிவிட்டன. அந்தப் பதினெட்டை இவளும் மறந்துபோனாள்.

அக்கா கொடுத்த டீயைக் குடிக்க முடியவில்லை. டம்ளர் விளிம்பிலும் அதே வாடை.

"ஜிப்பு சரியில்லக்கா. எடுத்துட்டுப் போய் மாத்தித் தரேன். ரெண்டே நாள்."

"ரெண்டு நாளா?" அக்கா போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "சரி, சீக்கிரம் குடுத்துடு."

தன் வீட்டுக் குளியலறையில் பெரிய தொட்டியில் ஊறவைத்து, காலால் மிதித்தாள். முதல் தண்ணீர் பால் ஊற்றாத டீ மாதிரி வந்தது. மேலே எண்ணெய்ப் படலம், அதில் முடிகள் மிதந்தன. யாரோ ஒருவனுடைய முதுகு கரைந்து தன் கால்விரல் இடுக்கில் ஏறுகிறது என்று தோன்றியதும் இரண்டு தடவை ஓங்கரித்தாள். இதன் மேல் வாசனைத் தண்ணீரை அடித்துப் பொட்டலம் கட்டியவர்களில் தானும் ஒருத்தி என்று தோன்றியபோது மூன்றாவது தடவை.

"யாரைக் குளிப்பாட்டுற?" என்று வெளியிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்க முதுகைவிட மோசமா இருக்கு. பேசாம போங்க."

நாலாவது தண்ணீர் தெளிவாக வந்தது. கொடியில் போட்டதும் கொடி அறுந்தது. மொட்டைமாடித் தரையில் இரண்டு நாள் வெயிலில் கிடந்து, மூன்றாம் நாள் சோப்பும் வெயிலும் மட்டுமே மணக்கும் ஒரு போர்வையைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தாள். தன் தப்பைத் தானே யாருக்கும் தெரியாமல் சரிக்கட்டிய நிம்மதியோடு திரும்பினாள்.

அடுத்த வாரம் வேலைக்குப் போகிற வழியில், வேன்கள் நிற்கும் இடத்தில் அக்காவைப் பார்த்தாள். வேனின் முன்விளக்கு ஒன்று நொறுங்கியிருந்தது. அக்காவின் கண் பழையபடி சிவந்திருந்தது.

"பள்ளிக்கூட கேட்டுல வண்டியை விட்டுட்டேன். நல்லவேளை, புள்ளைங்க எறங்கினப்புறம்." அக்கா விளக்கைப் பார்த்தபடியே பேசினாள். "ஓனரு திங்கக்கிழமை வரைக்கும் பாப்பாராம், அப்புறம் சாவியை வாங்கிடுவாராம்."

"போர்வை போர்த்திக்கறியா இல்லையா?"

"போர்த்திக்கறேன். கல்லு மாதிரி கிடக்கு மேல. தூக்கம் வரல." விளக்கில் மிச்சமிருந்த கண்ணாடித் துண்டு ஒன்றைப் பெயர்த்து எடுத்தாள். "நீ என்னடி பண்ணின அதை?"

"துவைச்சேன். ஏன்?"

"சொன்னா நீ சிரிப்ப. அதுல மாமா வாசம் இருந்துச்சு. அந்தக் கழுத்துக்குப் போட்டுப்பாரே தைலம், அந்தப் பாழாப்போன சிகரெட்டு, எல்லாம். எனக்கே தெரியும் அது பிரமைன்னு. புதுப் போர்வையில எங்கிருந்து வரும்? ஆனா மூக்கைப் பொதைச்சா அவரு பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. உயிரோட இருந்தப்போ, தள்ளிப் படுங்க நாறுதுன்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன்."

பூட்டு சிரிக்கவில்லை. பிரமை இல்லை அக்கா, அது எவனோ ஒருத்தனுடைய அழுக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. பின்னிருக்கையில் இரண்டு சின்னப் பைகளும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

அன்று தையற்கூடத்தில் தன் மெஷினுக்குப் போகாமல் நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள்.

"இன்னைக்கு என்னைப் பழசு பிரிக்கிற மேசையில போடுங்க சார்."

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

முப்பத்தொரு பார்சல்கள் குவிந்திருந்தன. கத்தரிக்கோலால் முதல் பையைக் கிழித்தாள். குனிந்து முகர்ந்தாள். பூனை மூத்திரம். தள்ளி வைத்தாள். அடுத்தது குழந்தை கக்கிய பால், புளித்து மஞ்சளாகியிருந்தது. அதற்கடுத்ததில் தலைக்குப் போடும் சாயம். ஐந்தாவதில் சிகரெட் வாடை இருந்தது, தைலம் இல்லை. முகக்கவசம் இடைஞ்சலாக இருந்ததால் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டாள். எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்த கரண்டி எழுந்து வந்தாள்.

"என்னடி, நாய்க்குட்டி மாதிரி மோந்துக்கிட்டு இருக்க? ஏதாவது தொலைச்சுட்டியா?"

"நீ போய் மணி போடு."

பதினோராவது பையைக் கிழித்ததும் தைலம் மூக்கில் அடித்தது. அதன் அடியில் புகை, அதற்கும் அடியில் அந்த நாட்பட்ட வேர்வை. கழுத்துப் படும் இடம் பிசுபிசுத்து விரலோடு ஒட்டியது. சரிதானா என்று தெரிந்துகொள்ள மூக்கை அதிலேயே அழுத்தி இழுத்தாள். முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள். மாமா இல்லை. ஆனால் முக்கால்வாசி மாமா.

லாவண்டர் பாட்டிலைக் கைக்கு எட்டாத தூரத்தில் நகர்த்தி வைத்தாள். போர்வையைத் தன் மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போய், கடைசி வரிசையைப் பிரித்து, மணியை நிரப்பி, மஞ்சள் நூற்கண்டைக் கழற்றிவிட்டு வெள்ளையை மாட்டினாள்.