வானம் மட்டும் தெரியும் ஜன்னல்

எங்கள் வீட்டின் பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லிலிருந்து மதில்வரை ஒரு சிமென்ட் நடைபாதை உண்டு. பக்கவாதம் வந்து வலது கால் சொன்னபேச்சுக் கேட்க மறுத்த பிறகு, என் கணவர் மறுபடி நடந்து பழகிய இடம் அதுதான். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, தெருவில் பாதிப் பேரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. காலை இழுத்து நடப்பதை ஒருவரும் பார்க்கக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நடையை விட்டால் கால் மீளாது என்பது மருத்துவரின் எச்சரிக்கை.

அந்த வேளையில்தான் பக்கத்து வீட்டார் மாடி எடுத்தார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஜன்னலுக்காக விட்டிருந்த திறப்பு, நேராக எங்கள் நடைபாதையைப் பார்த்தது. ஒருநாள் காலை அங்கிருந்து கொத்தனார், "மாஸ்டர், வணக்கம்! என்னைத் தெரியுதா? நீங்க முட்டி போட வச்ச பையன்தான்!" என்று அன்பாகத்தான் கூவினார். இவர் தலையை அசைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். மறுநாள் வெளியே போகவில்லை.

பக்கத்து வீட்டம்மா வங்கியில் பணிபுரிபவர், என்னைவிட இளையவர். முறையிடத்தான் போனேன். வாசலில் நின்று, "வீடு ரொம்ப நல்லா வருதும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர்கள் வீட்டில் அவர்கள் ஜன்னல் வைப்பதைத் தடுக்க நான் யார்?

ஒரு போர்வையை எடுத்துக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டேன்.

"என்ன இது, நாடகம் போடப் போறியா?" என்றார் என் கணவர்.

"வசனமெல்லாம் வேண்டாங்க. நடந்தாப் போதும்."

அரை மனதோடு நடந்தார். காற்று போர்வையைத் தூக்கும்போதெல்லாம் நின்றுவிடுவார்.

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டம்மா, வரைபடம் போட்டுக் கொடுத்த தன் இன்ஜினியர் தோழியை அழைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, தூறல் போட்டப்பகூட நீங்க அந்தப் போர்வையை எடுக்கலை. கீழ ரெண்டு கால் மட்டும் போய்ட்டு வந்துட்டு இருந்துச்சு. அன்னைக்கு வாசல்ல நின்னப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நான் போர்வையை ஒதுக்கி, மேலே அந்தத் திறப்பைக் காட்டினேன்.

"தப்பு என்னுதுங்க. வீட்டுக்குள்ள வெளிச்சம் வருதான்னு மட்டும் பார்த்தேன். உங்க பக்கம் வந்து நின்னு பார்க்கலை" என்ற இன்ஜினியர், துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். வங்கியம்மா மாடிக்குப் போனார். திறப்பின் அடிப்பாகத்தில் சோதித்துப் பார்க்க ஆளுயரத்துக்குச் செங்கல் அடுக்கச் செய்தார்கள்.

"இப்ப தெரியறேனா?" என்று கல்லில் இருந்தபடியே கேட்டார் இன்ஜினியர்.

"நின்னா தெரியலை. ரெண்டு படி மேல ஏறினா உன் தலை வகிடு தெரியுதுடி!" என்றார் மேலிருந்து வங்கியம்மா.

"எனக்கு வகிடு எடுக்க முடியே இல்லை, பரவாயில்லைன்னு சொல்லு!" என்று உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது. அவர் கேலி பேசிப் பல நாளாகியிருந்தது.

கடைசியில் திறப்பு முழுவதும், வெளிப்பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்த சிமென்ட் பட்டைகளைப் பதிக்கச் சொன்னார் இன்ஜினியர். வெளிச்சமும் காற்றும் வரும். கீழே பார்க்க வழியில்லை. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து தெருக்கோடிவரை வேடிக்கை பார்க்க வங்கியம்மா ஆசைப்பட்டிருந்தாராம். பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

நான் போர்வையை மடித்து வைத்தேன். என் கணவர் நாள் தவறாமல் நடந்தார்.

வேலை முடிந்ததும் வீடு பார்க்க அழைத்தார்கள். என் கணவர் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஏறினார். திருப்பத்தில் நின்று, பட்டைகளின் இடுக்கில் குனிந்தும் நிமிர்ந்தும் எங்கள் நடைபாதையைத் தேடினார். வானமும் மின்கம்பியில் ஒரு காக்கையும்தான் தெரிந்தன.

"அப்போ நான் நடந்ததை ஒருத்தருமே பார்க்கலையா?" என்றார், குறைபட்டவர்போல.

"அதான் இப்ப படியேறியே காட்டிட்டீங்களே மாஸ்டர்!" என்று வங்கியம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

நன்றி சொல்ல ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வங்கியம்மாவின் கையைப் பற்றியதும் அது மறந்துபோயிற்று.

"வீடு ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றார் அவர், என் கையை விடாமல்.