உள்ளே ஏதாவது போட்டீர்களா?

சமையலறை சிங்க் இரண்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்தது. மாமனார் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மாப்ளே, கடையில விக்கிற அந்த அடைப்புப் பவுடரை மட்டும் போட்டுடாதீங்க. விவரம் தெரிஞ்சவன் அதைத் தொடமாட்டான். ப்ளம்பருக்குச் சொல்லிட்டேன், நாளைக்குக் காலையில வந்துடுவார்."

முப்பத்தைந்து வருஷம் லாரிப் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். முரண்டு பிடிக்கிற நட்டுகூட அவர் முறைத்தால் கழன்றுவிடும். மாப்பிள்ளைக்குத்தான் அந்தப் பேச்சு ஏறவில்லை.

மனைவிக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்ததிலிருந்து, எட்டு மாதமாக அவன் மாமனார் வீட்டில்தான் இருக்கிறான். இந்த எட்டு மாதத்தில் பல்பு மாற்றப் போய் ஃப்யூஸைப் போக்கினான். கதவுக்கு எண்ணெய் விடப் போய்க் கீலோடு கழற்றிக் கொண்டுவந்தான். மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடுங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன்" என்பார், அவ்வளவுதான். அதற்குப் பதில் கன்னத்தில் ரெண்டு வைத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

ப்ளம்பர் வருவதற்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிட்டால், இந்த வீட்டில் தானும் ஒரு ஆள்தான் என்று ஆகிவிடும். மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனாள். மாமனார் காலை நடைக்குப் போனார். கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த பவுடர் டப்பாவை அவன் வெளியே எடுத்தான். தேங்கி நின்ற தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, டப்பாவை அப்படியே ஓட்டையில் கவிழ்த்தான். மேலே ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணீர்.

உள்ளே ஏதோ சீறியது. மூக்கு எரிந்தது. தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. குனிந்து, அடியில் வளைந்திருக்கும் பைப்பைத் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பைப் சுட்டது.

அப்புறம்தான் டப்பாவின் முதுகைப் படித்தான். நம் ஆட்கள் எதையும் படிப்பதே அப்புறம்தானே. ஒரு ஸ்பூன் போதும் என்று இருந்தது. கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அடைப்பு நீங்காவிட்டால், பைப்பைத் திறப்பவரிடம் கட்டாயம் தெரிவிக்கவும் என்றும் இருந்தது. டப்பாவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கினான்.

வாசலில் மாமனார் குரலும் ப்ளம்பர் குரலும் சேர்ந்தே கேட்டன.

ப்ளம்பர் ஒடிசலான ஆள், அதிகம் பேசாதவர். பையை இறக்கி வைத்துவிட்டு சிங்க்கை ஒரு பார்வை பார்த்தார். "உள்ள ஏதாவது போட்டீங்களா சார்?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்தான். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "இந்த வீட்ல அந்தக் கண்றாவியெல்லாம் தொடமாட்டோம்பா. எங்க மாப்பிள்ளைகிட்ட ஒரு தடவை சொன்னாப் போதும். விவரமானவரு."

எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. இப்போது சொன்னால் அவன் மட்டுமா அசிங்கப்படுவான்? வேற்று ஆள் எதிரில் மாமனாரும் அல்லவா அசிங்கப்படுவார்? தலையை ஆட்டிவைத்தான்.

ப்ளம்பர் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, தலையை சிங்க்குக்கு அடியில் நுழைத்தார். வாளி அங்கே நுழையவில்லை. மாமனார் பழைய அலுமினியத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து பைப்புக்குக் கீழே தள்ளினார். பட்டறைப் பழக்கம் விடுமா? டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவரும் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு முகங்கள், அவற்றுக்கு ஒரு சாண் மேலே அந்த வளைவு பைப்.

"அண்ணே, டீ சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாமே?" என்றான் மாப்பிள்ளை.

"முடிச்சிட்டுக் குடிக்கலாம் சார்."

"கண்ணுக்குக் கண்ணாடி கிண்ணாடி போட்டுக்க மாட்டீங்களா?"

அடியிலிருந்து ப்ளம்பர் சிரிப்பது கேட்டது. "எச்சில் தண்ணிக்கு எதுக்கு சார் கண்ணாடி? வேர்வையில ஒண்ணும் தெரியாது. மருந்து போட்ட வீடுன்னாத்தான் மாட்டுவேன். அதுக்குத்தானே முதல்லயே கேக்கறது."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மாப்பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு மனுஷனின் கண் போகப் போகிறது என்று தெரிகிறது. ஆனாலும் மாமனாரின் முதுகைப் பார்த்தால் வார்த்தை வரவில்லை. இப்படியும் ஒரு கோழை இருப்பானா என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஸ்பேனர் நட்டைக் கவ்வியது. கிரீச் என்று ஒரு சுற்று.

"கொஞ்சம் போட்டேன்!" என்றான். குரல் கீச்சென்று வந்தது.

ஸ்பேனர் நின்றது. டார்ச் மெதுவாக அவன் பக்கம் திரும்பியது. மாமனாரின் முகம் அவனுக்குத் தெரியவில்லை. வெளிச்சம்தான் கண்ணில் அடித்தது.

"எவ்வளவு சார்?" என்றார் ப்ளம்பர், படுத்தபடியே.

"ஒரு... ஒரு ஸ்பூன்."

இதுதான் மனுஷ புத்தி. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு முழங்கால் அளவுதான் என்று கணக்குச் சொல்லும்.

"ஒரு ஸ்பூன்தானே? இவ்வளவு தண்ணியில கரைஞ்சே போயிருக்கும்" என்றார் ப்ளம்பர். "டார்ச்சை இங்க காட்டுங்கய்யா." கிரீச். இன்னொரு சுற்று. நட்டின் ஓரத்தில் ஒரு துளி திரண்டது. வெள்ளையாக, கஞ்சி மாதிரி கெட்டியாக இருந்தது. ப்ளம்பரின் புருவத்துக்கு நேர் மேலே அது தொங்கியது.

"முழு டப்பா!" என்று அலறினான் மாப்பிள்ளை. "முழு டப்பாவையும் போட்டேன்! மாமா, முகத்தை எடுங்க!"

சொல்லிக்கொண்டே மாமனாரைத் தோளால் இடித்துத் தள்ளினான். ப்ளம்பரின் இரண்டு கால்களையும் பிடித்து, சாக்கோடு சேர்த்து இழுத்தான். ஸ்பேனர் நட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பைப் பிளந்து, உள்ளே இருந்ததெல்லாம் தலை இருந்த இடத்தில் கொட்டியது. அலுமினியத் தட்டு புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. சமையலறை முழுக்கப் புகை. மூன்று பேரும் அந்தத் தட்டையே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மாப்பிள்ளைக்கு வலி தெரிந்தது. வலது புறங்கையில் தெறித்த இடம் சிவந்து, நெருப்பாக எரிந்தது.

முதலில் எழுந்தவர் ப்ளம்பர்தான். அவனைக் குளியலறைக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்து, மணிக்கட்டைத் தண்ணீருக்கு அடியில் இறுக்கிப் பிடித்தார். "இருபது நிமிஷம். கையை எடுக்கக் கூடாது."

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். ப்ளம்பர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

மாமனார் குளியலறை வாசற்படியில் வந்து நின்றார். ஒரே நாளில் பத்து வயசு கூடினவர் மாதிரி இருந்தார். "என்கிட்ட சொல்றதுக்கு அவ்வளவு பயமா மாப்ளே?"

"ஆமா மாமா."

ப்ளம்பர் சமையலறைக்குத் திரும்பிப் போனார். முகத்தை மூடிய கண்ணாடியும் முழங்கை வரை உறையுமாக, கழன்ற வளைவு பைப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். அதன் வாயில் வெள்ளைக் கட்டி ஒன்று கல்லாக இறுகியிருந்தது. கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் அழுக்குப் படிந்திருந்தது.

"இன்னைக்குப் போட்டது குழம்பா இருந்துச்சு, கீழ கொட்டிடுச்சு" என்றார். "இது இறுகி நாலஞ்சு நாளாவது ஆகியிருக்கும். அடைப்பே இந்தக் கல்லாலதான்." மாப்பிள்ளையைப் பார்த்தார். "இதுவும் நீங்கதானா சார்?"

"சத்தியமா இல்லண்ணே. இன்னைக்கு ஒரு தடவைதான்."

குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "போன ஞாயித்துக்கிழமை தண்ணி கொஞ்சம் மெதுவாப் போச்சு. மாப்ளே கையை வெச்சு எதையாவது கெடுக்கறதுக்கு முன்னாடி நானே சரி பண்ணிடலாம்னு... அது எப்பவோ கரைஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன்."

"எவ்வளவு போட்டீங்கய்யா?"

"ஒரு ஸ்பூன்" என்றார் மாமனார். ப்ளம்பர் அந்தக் கல்லை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். மாமனாரின் தலை கவிழ்ந்தது. "முழு டப்பா."

ப்ளம்பர் கண்ணாடியைக் கழற்றினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"எனக்கு இருக்கறதே ரெண்டு கண்ணுதான்" என்றார். "ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கலாம்னு பாத்தீங்களா?"

மாப்பிள்ளை இன்னும் பதினொரு நிமிஷம் குழாயடியில் நிற்க வேண்டியிருந்தது. மாமனாரும் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.