சிவப்பில் நான், நீலத்தில் அண்ணி

"கால் எட்டுது. கைதான் எட்டல," என்றார் அண்ணி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

"என்ன அண்ணி இப்படிச் சொல்றீங்க? ஷோரூம்ல நல்லா எட்டுச்சே!"

"ஷோரூம்ல நான் பறந்து வந்து பிரேக் அடிச்சேனாக்கும்? சும்மா உக்காந்து செல்ஃபி எடுத்தேன். அப்ப எல்லாந்தான் எட்டும்."

அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அண்ணி வாங்கி மூடியைத் திருகப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை, மூடி அசையவில்லை. அண்ணனே திறந்து கொடுத்தான்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் இதே ட்ராக்கில் ஆறு மணி நேரப் பந்தயம். ஒரு பைக், இரண்டு பேர், மாறி மாறி ஓட்ட வேண்டும். நானும் அண்ணியும் ஓர் அணி. அண்ணி நகரப் பேருந்து ஓட்டுபவர். லீவு கிடைத்தால் ட்ராக்கில்தான் இருப்பார். சோபா தைக்கும் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு ஸ்கூட்டரில் திரும்பவே பயம். எங்களை வேனில் ஏற்றி வருவது, சுற்று நேரத்தைப் போனில் குறிப்பது, நகம் கடிப்பது மூன்றும் அவன் பொறுப்பு. வீட்டில் என்னை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி என் தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்பார். இந்த இரண்டு உடம்புக்கும் ஒரே பைக் பொருந்த வேண்டும்!

ஷோரூம் முதலாளி, நாங்கள் வைத்த பெயர் மீசை, இரண்டு பைக்குகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஒன்று சிவப்பு. ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர், உறுமினால் நெஞ்செலும்பு அதிரும். இன்னொன்று நீலம். இரண்டே சிலிண்டர், சக்தியில் சிவப்பின் பாதியைக்கூடத் தொடாது, ஆனால் ஒல்லியான உடம்பு, எடையும் குறைவு.

"கேட் மூடறதுக்குள்ள ஒண்ணு சொல்லிருங்க. மிச்சம் நிக்கறத ட்வின்ஸுக்குக் குடுத்துருவேன்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார். பந்தயத்தில் அவர் இறக்கும் இன்னோர் அணி அந்த இரட்டையர்கள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே உயரம், ஒரே எடை, ஒரே அளவு ஷூ. ஒருவனுக்குப் பொருந்தினால் மற்றவனுக்கும் பொருந்தும். கொடுத்து வைத்தவர்கள்.

நாங்கள் மனதுக்குள் எப்போதோ சிவப்பை முடிவு செய்திருந்தோம். சரி, நான் முடிவு செய்திருந்தேன். ஷோரூமில் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "அவங்களுக்குக் கால் எட்டுதா?" மீசை கேட்டார், அண்ணன் கேட்டான், டீ கொண்டுவந்தவர்கூடக் கேட்டார். அதற்காகவே கடை கடையாக ஏறி இறங்கி, தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி கண்டுபிடித்தோம். அதைப் போட்டுக்கொண்டு அண்ணி சிவப்பின் மேல் உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் ஊன்றின. நான் கைதட்டினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ட்ராக்கில் யார் காலை ஊன்றப் போகிறார்கள்? வண்டியை ஓரங்கட்டும் பிட்டில் வந்து நின்றால் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். கால் தரையைத் தொடுவதைத் தவிர வேறு எதையுமே நாங்கள் பார்க்கவில்லை.

காலையில் முதலில் சிவப்பில் போனது நான்தான். ஐயோ, அதை எப்படிச் சொல்வது! நேர்ச்சாலையில் மூன்றாவது கியரிலேயே முன்சக்கரம் லேசாகத் தூக்கிப் பார்த்தது. என் நீளக் கை, நீளக் கால் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. டேங்க்கின் மேல் படுத்தால் தாடை சரியாகக் குழியில் உட்கார்ந்தது. திரும்பி வந்தபோது அண்ணன் போனைத் தூக்கிக் காட்டினான். என் வாழ்நாளின் வேகமான சுற்று.

"இதாண்ணே! இதான் நம்ம வண்டி!"

"கத்தாத. அவ இன்னும் போகல," என்றான்.

அண்ணி போனார். வந்தார். என்னைவிட ஒன்பது நொடி பின்னால். அதன் பிறகுதான் கை எட்டாத கதை.

"பிரேக் புடிச்சதும் வழுக்கிட்டுப் போய் டேங்க்ல மோதறேன்பா," என்றார். "ஹேண்டில் தூரமா இருக்கு, டேங்க் அகலமா இருக்கு, முட்டியால இறுக்கிப் புடிக்க முடியல. மொத்த உடம்பும் மணிக்கட்டுல நிக்குது. நாலாவது சுத்துல விரல் மரத்துப்போச்சு. லீவரைப் புடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல."

"பழகிரும் அண்ணி. இன்னும் ஒரு மாசம் இருக்கே..."

"ஒரு மாசத்துல என் கை வளருமா?"

இரட்டையர்களில் ஒருவன் பிஸ்கட்டோடு சிரித்தான். நான் முறைத்தேன்.

அண்ணி கையுறையைக் கழற்றி என் மடியில் போட்டார். "தெளிவா சொல்றேன் கொழுந்தனாரே. சிவப்புன்னா நான் இல்ல. பிரேக் தெரியாம அந்தக் கடைசி வளைவுக்குள்ள நான் போக மாட்டேன். வேற ஆள் பாத்துக்க."

வேறு ஆளா? அண்ணி இல்லாமல் எனக்கு ஏது பந்தயம்? என்னை ட்ராக்குக்குக் கூட்டிவந்ததே அவர்தான். அணியின் பெயர்ப் பதிவும் இன்று மாலையோடு முடிகிறது. நான் சிவப்பைப் பார்த்தேன், அண்ணியின் விரல்களைப் பார்த்தேன். சரி, நீலத்தையும் பார்த்துவிடலாம் என்று ஏறினேன்.

ஏறியதும் அண்ணன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான்.

"என்னண்ணே?"

"வெட்டுக்கிளி மாதிரி இருக்கடா!"

உண்மைதான். முட்டி இரண்டும் அக்குள் வரை வந்துவிட்டன. வளைவில் உடம்பைச் சாய்த்தால் முழங்கை போய் முட்டியில் இடித்தது. வண்டி என்னவோ தங்கம். நினைத்த இடத்தில் திரும்பியது. ஆனால் பத்துச் சுற்றில் வலது தொடை இழுத்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே பிட்டுக்குள் இறங்கினேன். சிவப்பில் எடுத்ததைவிட நாலு நொடி அதிகம்.

"போச்சு," என்று தரையில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துவிட்டேன். "ஒண்ணு உங்களுக்கு ஆகல, ஒண்ணு எனக்கு ஆகல."

"இரு, நான் போய்ட்டு வரேன்," என்று அண்ணி நீலத்தில் ஏறினார்.

நான் நொண்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். முதல் சுற்று சாதாரணம். இரண்டாவதில் ஏதோ மாறியது. மூன்றாவதில் கடைசி வளைவுக்குள் நீலம் வந்த வேகத்தைப் பார்த்து நான் சுவரை இறுகப் பிடித்தேன். பிரேக் அடித்தும் அண்ணி முன்னால் வழுக்கவில்லை. முட்டிகள் டேங்க்கைக் கவ்வியிருந்தன, கைகள் தளர்வாக மடங்கியிருந்தன. அப்படியே உள்பக்கம் இறங்கி, முட்டியிலிருந்த பிளாஸ்டிக் வில்லை தரையில் சர்ர்ரென்று உரச, என் கண்ணெதிரே வளைந்து போனார். எனக்குப் புல்லரித்துவிட்டது. என்னை அறியாமல் கத்தினேன். பக்கத்தில் பார்த்தால் இரட்டையர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள்!

அண்ணன் போனைக் காட்டினான். நீலத்தில் நான் எடுத்ததைவிட மூன்று நொடி குறைவு. சிவப்பில் நான் எடுத்த அந்த வாழ்நாள் சுற்றுக்கு ஒரே ஒரு நொடிதான் பின்னால்.

"வாயை மூடுடா, ஈ போகுது," என்றான் அண்ணன்.

"தப்பா அமுக்கிட்டியாண்ணே?"

"அடுத்த ரெண்டு சுத்துக்கும் அமுக்கினேன். மூணும் அதேதான். உன் அண்ணிடா!" அவன் முகத்தில் அவ்வளவு பல்லை நான் பார்த்ததே இல்லை.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் நேரத்தையும் சேர்த்தால் நீலம்தான் வேகம். அதுவும் நான் வெட்டுக்கிளியாக ஓட்டியே! ஆனால் ஆறு மணி நேரத்தில் பாதி என் பங்கு. பத்துச் சுற்றுக்கே தொடை இழுக்கிறவன் என்ன செய்வது? கால் வைக்கும் புட்ரெஸ்ட்டை இறக்கலாம் என்றார் மீசை. இறக்கினால் அண்ணி சாய்கிற சாய்ப்புக்கு அது தரையில் இடிக்கும். பந்தயத்தின் நடுவில் ஏற்றி இறக்க நேரமும் இருக்காது.

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை, கண் இரண்டும் பளபள. "என்னப்பா வண்டி இது! இன்னும் ஒரு ரவுண்டு போகவா?"

"எனக்கு முட்டி மடங்க இடமில்ல அண்ணி."

"டிப்போல ராத்திரி ஷிப்ட் பாக்கறவர் உன்ன மாதிரிதான், ஒட்டகம். அவர் எறங்கி நான் ஏறினா என்ன பண்ணுவேன்? பஸ்ஸையா மாத்துவேன்? சீட்டத்தான் மாத்துவேன்."

"இதுல சீட்டு நகராதே."

"நகர வேணாம். ஒசந்தா போதும்ல? உன் இடுப்பு மேல போனா முட்டி விரியுமா விரியாதா?"

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் வேனைத் திரும்பிப் பார்த்தோம். அதற்குள் அண்ணனின் கடைச் சரக்கு, நாளைக்குக் கொடுக்க வேண்டிய சோபாவுக்கான கெட்டி ஸ்பாஞ்சு, சுருள் சுருளாக இருந்தது.

"அது கஸ்டமரோடது," என்றான் அண்ணன்.

"ஏங்க," என்றார் அண்ணி. அவ்வளவுதான். கத்தியை எடுத்துவிட்டான்.

முதலில் வெட்டியது ரொம்ப மெத்தென்று இருந்தது. பிரேக் அடித்தால் ஆடியது. இரண்டாவதாக, இருப்பதிலேயே கெட்டியான ரகத்தில், பின்னால் உயர்ந்து முன்னால் சரிவாக ஒன்று வெட்டினான். அடியில் ஒட்டும் பட்டை. ஒரு கையால் அப்பினால் ஒட்டும், ஒரு கையால் இழுத்தால் வரும். ஒருவர் இறங்கி ஒருவர் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

"சோபாவுல உக்காந்தா ரேஸ் ஓட்டப் போறீங்க?" என்றான் ஓர் இரட்டையன்.

"டீப்பாயும் இருக்கு, வேணுமா?" என்றார் அண்ணி.

ஏறினேன். முட்டி இறங்கியது! முழங்கைக்கு இடம் கிடைத்தது! பத்துச் சுற்று போனேன், பதினைந்து போனேன், தொடை வாயே திறக்கவில்லை. முழுசாகச் சொர்க்கம் என்று பொய் சொல்ல மாட்டேன். உயர்ந்து உட்கார்ந்ததால் நேர்ச்சாலையில் காற்று நெஞ்சில் அறைகிறது, கழுத்து வலிக்கிறது. வண்டியின் முன்னால் கொஞ்சம் உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடி போட வேண்டும். ஆனாலும் முன்பைவிட இரண்டு நொடி குறைந்தது. அண்ணியைவிட இன்னும் ஒரு நொடி பின்னால்தான்.

"நீலம்," என்றேன் மீசையிடம். இரட்டையர்கள் துள்ளி எழுந்து சிவப்பைக் கிளப்பினார்கள். அந்த உறுமல் இருக்கிறதே! நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பதிவு மேசையில் இருந்தவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல யார் கிளம்பறது?"

"நான்," என்றேன்.

"நான்," என்றார் அண்ணி.

"அண்ணி, முதல் வளைவுல இருபத்தஞ்சு வண்டி ஒண்ணா முட்டும்!"

"தினம் காலையில நான் பஸ் ஓட்டற ரோட்ட நீ பாத்ததில்லையா?"

அண்ணன் நகம் கடிக்க ஆரம்பித்தான். மேசைக்காரர் அணியைப் பதிந்துகொண்டு, இதை மட்டும் நாளைக் காலைவரை யோசிக்க விட்டிருக்கிறார். கிளம்பும் வேகம் என்னிடம் அதிகம். அதை அண்ணியே ஒத்துக்கொள்கிறார். ஆனால் இந்த வண்டியில் சுற்றுக்கு ஒரு நொடி அவர் முந்துகிறார். அதை நான் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். வேன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, முன்சீட்டிலிருந்து அண்ணி இன்னும் சண்டையை விடவில்லை, நான் பின்னால் ஸ்பாஞ்சு மேல் உட்கார்ந்து போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்களேன், கொடி அசையும்போது நீலத்தின் மேல் யார் இருக்க வேண்டும், நானா, அண்ணியா?